மே மாதத்தில் எந்தத் தீவு? – வாசகர் கேள்வி பதில்

கடலடி விடுமுறை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் நான்கு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களைக் கூடத்தில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் தபால் துறையில் முப்பது ஆண்டு முத்திரை குத்தியவள். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பது, நான் கற்றது 46 வயதில். பயண நிறுவனம் எதுவும் எனக்குக் கமிஷன் தருவதில்லை. தந்தால் பதில்கள் இன்னும் இனிப்பாக இருந்திருக்கும்.

வணக்கம் அம்மா. நாங்கள் மூவர்: நான், மனைவி, 11 வயது மகன். மே விடுமுறையில் ஒரு வாரம் கிடைக்கும். எனக்கு ஸ்கூபா கற்க ஆசை. மனைவிக்கு நீச்சல் தெரியாது, மணலும் நிழலும் போதும் என்கிறாள். அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா?
– ஈரோடு வாசகர்

மூன்று தீவுகளின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். மே மாதம் எத்தனையாம் தேதி என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். விடிவதற்கு முன் வாசலில் வந்து நிற்பார். காற்று கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்ப்பார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார். நாம் ஆறு மாதம் முன்பே விமான டிக்கெட் எடுத்துவிடுகிறோம், பிறகுதான் காற்றைப் பற்றி யோசிக்கிறோம்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு ஜூன் முதல் தேதி வாக்கில் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, மே 20-ஐ ஒட்டி, அது அந்தமானைத் தொட்டுவிடுகிறது. மார்ச், ஏப்ரலில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுப் பக்கம் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். மே முதல் பத்து நாட்களும் பெரும்பாலும் அப்படித்தான். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கும். அதற்குப் பிறகு போனால் படகு ஓடுமா என்று காலையில் எழுந்து கேட்டுத்தான் அன்றைய திட்டத்தைப் போட வேண்டியிருக்கும். எனவே மே 10-க்குள் திரும்பிவிட முடியும் என்றால் ஹேவ்லாக். 2018 டிசம்பரிலிருந்து அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர். போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. படகுத் துறையில் கூப்பிடுவது இன்னும் பழைய பெயரைத்தான். சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம். போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

லட்சத்தீவின் காயல் உங்கள் மனைவிக்கும் மகனுக்கும் மிக நல்லது. பவளத் திட்டு வெளியே அலையைத் தடுத்துவிடும். உள்ளே இடுப்பளவுத் தண்ணீர், பச்சை நிறம். ஆனால் அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். விமான நிலையம் உள்ள அகத்தித் தீவுக்குப் போகும் விமானத்தில் இடம் குறைவு. கொச்சியிலிருந்து கப்பல் என்றால் ஓர் இரவு முழுக்க ஆகும். மே பாதியில் அங்கேயும் கடல் மூடிக்கொள்ளும். ஒரு வாரத்தில் இத்தனையும் அடங்காது. அதை ஒரு ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலத்தீவு எந்த மாதத்திலும் மூடுவதில்லை. மே மாதத்தில் காற்று தென்மேற்காகத் திரும்பும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும், பிறகு வெயில் அடிக்கும். விலையும் இறங்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குக் கிடைப்பது மே கடைசி வாரம்தான் என்றால், நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஓர் ஊரைச் சொல்கிறேன்: திருகோணமலை. அந்த நேரத்தில் இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவையும் உனவட்டுனவும் அலையில் அடிபட்டுக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள மலைநாடு தென்மேற்குக் காற்றின் மழையை வாங்கிக்கொள்வதால் கிழக்குக் கரை காய்ந்து தெளிந்து கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே பருவம். ஊருக்கு வடக்கே நிலாவெளி. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு. 2003-இல் தேசியப் பூங்கா ஆனது. கரையை ஒட்டியே கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றும். தமிழ் பேசும் ஊர், இட்லியும் கிடைக்கும். மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போனால் கோட்டைக்குள் மான்கள் வந்து கையை முகர்ந்து பார்க்கும். உங்கள் மகன் சுறாவை மறந்தாலும் மானை மறக்க மாட்டான்.

இனி, யாரும் கேட்காத ஒன்று. எந்தத் தீவு என்பதைவிட, தீவில் எந்தப் பக்கம் என்பது பெரிய கேள்வி. ஹேவ்லாக்கில் விடுதிகளும் ஸ்கூபா மையங்களும் பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. முதல் முறை போனபோது நானும் அங்கேதான் அறை எடுத்தேன். விளம்பரப் படத்தில் வாசற்படி வரை நீலத் தண்ணீர். நான் போய் இறங்கிய மதியம் கடலைக் காணவில்லை. இறங்கு ஓதம், அதாவது கடல் உள்வாங்கும் நேரம்; முந்நூறு அடிக்குப் பாறையும் சேறும், நடுவில் இரண்டு நண்டு. விடுதிக்காரர் "நேற்று பௌர்ணமி மேடம்" என்றார், ஏதோ நான் விரதத்தை மறந்துவிட்டதுபோல. குளிக்கவும் கிடக்கவும் ஏற்றது மேற்குக் கரையில் ராதாநகர் கடற்கரை; ஏழாம் எண் கடற்கரை என்பதும் அதுதான். இறங்கு ஓதத்திலும் அங்கே மணல்தான்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் மிக ஏறும், மிக இறங்கும், நீரோட்டமும் இழுக்கும். ஏழு எட்டு நாள் கழித்து எல்லாம் தணியும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அஷ்டமியில் பயணம் ஆகாது என்பாள் என் மாமியார். புதிதாக முக்குளிப்பவருக்கு அஷ்டமியைப் போல நல்ல நாள் இல்லை.

ஓப்பன் வாட்டர் என்ற முதல் படிப்புக்கு மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். பாடப் பகுதியை ஈரோட்டிலேயே இணையத்தில் முடித்துவிட்டுப் போங்கள். தீவில் உட்கார்ந்து மின்விசிறிக்கு அடியில் பாடம் படிப்பது பணத்துக்கும் வெயிலுக்கும் வீண். உங்களுக்கு 18 மீட்டர் வரை அனுமதி. மகனுக்கு 10 வயது முடிந்துவிட்டதால் அவனும் படிக்கலாம். 12 மீட்டருக்கு மேல் இறக்க மாட்டார்கள், சான்றிதழ் பெற்ற பெரியவர் கூடவே இருக்க வேண்டும். மனைவி மணலும் நிழலும் கேட்டால் மணலும் நிழலும் கொடுங்கள். "ஒரே ஒரு தடவை வந்து பாரேன்" என்று நச்சரிக்காதீர்கள்.

நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா? எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செய்தேன் என்கிறார்.
– கோவை வாசகி

அவர் செய்தது அறிமுக முக்குளிப்பு. பயிற்றுநர் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கூட்டிப்போவார். அதிகபட்சம் 12 மீட்டர், பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர்தான். அதற்கு நீச்சல் வேண்டாம். சான்றிதழ் படிப்புக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. நான் எருமை போல நீந்தித்தான் தேறினேன்.

தேனிலவுக்கு மாலத்தீவு. தண்ணீர் மேல் கட்டிய குடில்தான் வேண்டும் என்கிறாள் வருங்கால மனைவி. எனக்கு ஸ்கூபாவும் வேண்டும். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– சேலம் வாசகர்

தம்பி, இரண்டு இரவு குடிலில், மீதி நாட்கள் உள்ளூர்த் தீவில். ரிசார்ட் தீவு என்பது ஒரு தீவு, ஒரு விடுதி. சோற்றுக்கும் தண்ணீருக்கும் படகுக்கும் அவர்கள் சொன்னதுதான் விலை. மாலத்தீவுக்காரர்களே வாழும் தீவுகளில் இப்போது விருந்தினர் இல்லங்கள் நிறைய. அங்கே மது கிடையாது. குளியல் உடையில் குளிக்கத் தனியாகக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் நம் ஊர்த் தெருவில் நடப்பதுபோல உடுத்தினால் போதும். காலையில் மாஸ் ஹூனி என்று சூரையும் தேங்காய்த் துருவலும் பிசைந்து ரொட்டியோடு வைப்பார்கள். நான் மூன்றாவது ரொட்டி கேட்டு வாங்கினேன்.

முன்பதிவு செய்யும்போது படகுக் கட்டணமா, கடல் விமானக் கட்டணமா, அது தொகையில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். நீங்கள் மாலேயில் இரவு இறங்கினால் அந்த ஓர் இரவுக்குத் தனி அறை. குடிலின் படியில் இறங்கினால் மீன் கூட்டம் என்று நம்ப வேண்டாம்; பல இடங்களில் அடியில் வெறும் மணல்தான். தீவைச் சுற்றியுள்ள பவளத் திட்டு கரைக்கு எத்தனை தொலைவு என்று கேளுங்கள். "நீந்திப் போகும் தூரம்" என்று பதில் வந்தால் அந்தத் தீவு.

இன்னொன்று. மாலத்தீவில் புகழ்பெற்ற இடங்கள் பல, பவள வளையத்தில் கடல் நுழைந்து வெளியேறும் வாய்கள். ஆற்று வெள்ளம் போல நீர் இழுக்கும். சுறாக்கள் அங்கே நிற்பதும் அதனால்தான். புதியவர் அங்கே இறங்கினால் மீனைப் பார்ப்பதற்குப் பதில் பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பயிற்றுநர் "அது வேண்டாம், உள்திட்டுக்குப் போவோம்" என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

2019-இல் சான்றிதழ் வாங்கினேன். அதன்பின் தண்ணீரில் இறங்கவில்லை. இந்த ஆண்டு ஆனைத்திருக்கையும் திமிங்கிலச் சுறாவும் பார்த்தே தீர வேண்டும். எங்கே, எப்போது?
– சென்னை வாசகர்

முதலில், மறந்ததை நினைவூட்டும் பயிற்சி ஒன்று எடுங்கள். அரை நாள் ஆகும். சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, கைப்பழக்கத்துக்கு உண்டு. நான் இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இறங்கி, மிதவைச் சட்டையில் காற்றை விடும் பொத்தானுக்குப் பதில் நிரப்பும் பொத்தானை அழுத்தி, மேல்நோக்கிப் புறப்பட்டேன். பயிற்றுநர் என் காலில் மாட்டிய துடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

ஆனைத்திருக்கை, அதாவது மாண்டா, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்பது. பளிங்குத் தண்ணீரில் அதற்குச் சாப்பாடு கிடையாது. சற்றுக் கலங்கலில்தான் உண்டு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அந்தக் கலங்கல் மாலத்தீவின் பவள வளையங்களுக்குக் கிழக்கே சேரும், வடகிழக்குக் காலத்தில் மேற்கே. அதன் பின்னாலேயே திருக்கையும் இடம் மாறும். ஜூன் முதல் அக்டோபர் வரை என்றால் பா என்ற பவள வளையத்தில் ஹனிஃபாரு விரிகுடா. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமான பகுதி. புனல் போன்ற அந்த விரிகுடாவில் மிதவை உயிர்கள் சிக்கிக்கொள்ள, திருக்கைகள் வாயைத் திறந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும். ஆனால் அங்கே சிலிண்டருக்குத் தடை. மூச்சுக்குழலும் மாஸ்க்கும் மட்டும்தான். சான்றிதழைப் பையிலேயே வைத்துக்கொண்டு மேலே மிதந்தபடி பாருங்கள். குறைவு என்று நினைக்காதீர்கள். என் கீழே ஒன்று குட்டிக்கரணம் போட்டபோது குழலுக்குள்ளேயே கத்திவிட்டேன்.

திமிங்கிலச் சுறாவுக்குத் தெற்கு ஆரி வளையம். அங்கே ஆண்டு முழுவதும் தென்படும். "பார்த்தே தீர வேண்டும்" என்பதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நான் மூன்று நாள் படகில் சுற்றிப் பார்த்தது ஓர் ஆமையும் நிறையக் கடலும்.

சுறா கடிக்குமா?
– பெயர் எழுதாத வாசகி, பொள்ளாச்சி

நீங்கள் போகும் திட்டுகளில் இருக்கும் கருமுனைச் சுறா உங்களைக் கண்டால் விலகிப் போகும். என்னைக் கடித்தது கிளாத்தி மீன். சிரிக்காதீர்கள். பெரிய கிளாத்தி மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் நிற்கும். அதன் எல்லை குழியிலிருந்து கூம்பு போல மேல்நோக்கி விரிகிறது. எல்லோரும் பயந்து மேலே எழும்புவார்கள். அப்படி எழும்பினால் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும், துடுப்பை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு. என் இடது துடுப்பின் நுனியில் அரை வட்டமாக ஒரு துண்டு இன்றும் இல்லை. தூத்துக்குடி மீன் ஏலத்தில் கிளாத்தியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாபகம் வருகிறது. வாங்கிவிடுகிறேன்.

வயது 61. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். அந்தமானில் ஸ்கூபா செய்ய விடுவார்களா?
– தஞ்சாவூர் வாசகர்

ஸ்கூபாவுக்குப் பொதுவாக வயதுக்கு மேல்வரம்பு இல்லை. ஆனால் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். இதயம், ஆஸ்துமா, சர்க்கரை, காது அறுவை, வலிப்பு என்று கேட்டிருக்கும். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்கக் கூடாது. எங்கள் குழுவில் வந்த ஒரு பெரியவர் நேர்மையாக "ஆம்" என்று எழுதினார். கையெழுத்துப் போட மருத்துவர் தேடி, மூன்று நாளும் மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். உங்கள் மருத்துவரிடம் தஞ்சாவூரிலேயே காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு இழுத்துவிட்டு இறங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே ஏமாற்றியது கீழே செல்லாது.

சளி பிடித்திருந்தாலும் இறங்காதீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு அழுத்தம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி இருந்தால் அது திறக்காது. கட்டிய பணம் போகிறதே என்று நான் ஒருமுறை வலியோடு இறங்கினேன். மிச்சமிருந்த மூன்று முக்குளிப்புக்கும் கட்டிய பணம் போனது, இரண்டு வாரம் வலது காதும் கேட்கவில்லை.

புதுச்சேரியில் காலையில் ஸ்கூபா முடித்துவிட்டு அன்றிரவே காரில் கொடைக்கானல் போவதாகத் திட்டம். சரிதானே?
– திண்டுக்கல் வாசகர்

சரியில்லை. சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றுதான். அதன் நைட்ரஜன் அழுத்தத்தில் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகும் மணிக்கணக்கில் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்குள் உயரத்துக்குப் போனால் சோடாப் புட்டியைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழி. விமானத்துக்கு என்றால், ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். நான் 24 வைத்துக்கொள்கிறேன். கொடைக்கானல் 2,100 மீட்டர். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்தின் அழுத்தம்தான். முதலில் கொடைக்கானல், பிறகு கடல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்தமான் போகிறவர்களும் கடைசி நாளைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்குங்கள். அவசரமில்லாமல் பார்க்க வேண்டிய இடம் அது.

ஏன் தீவு தீவாக ஓட வேண்டும்? நம் கடலில் பவளம் இல்லையா? உங்கள் ஊரே முத்துக்குளித்துறைதானே?
– தூத்துக்குடி வாசகர்

ஊர்க்காரர் கேட்டால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதனால் அங்கே நினைத்தபடி போய் இறங்க முடியாது. இறங்க முடியாததால்தான் ஏதோ மிஞ்சியிருக்கிறது என்பது என் எண்ணம். 2010, 2016 கோடை வெப்பங்களில் அந்தமானிலும் லட்சத்தீவிலும் ஆழம் குறைந்த திட்டுகளில் பவளம் வெளுத்துச் செத்தது. பழைய படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மீன் இருக்கும், நிறம் குறைவாக இருக்கும்.

முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. தாத்தா குளித்தது சங்கு. கடலடிப் பாறைத் திட்டை அவர்கள் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர், கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் வைத்து இடம் பிடிப்பார்கள். நான் ஸ்கூபா கற்கப் போனபோது முதல் நாள் முதல் பாடம்: எந்த நிலையிலும் மூச்சைப் பிடிக்காதே. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். மூச்சைப் பிடித்தபடி எழும்பினால் நுரையீரல் கிழியும். தாத்தா மூச்சைப் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் பேத்தியைத் தண்ணீருக்குள் உட்கார வைத்து, ஒரு இளைஞன் விரலை ஆட்டி "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பழக்கம் விட நான்கு நாள் ஆயிற்று.

மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது. கடலுக்கடியில் என்ன செய்வது?
– நாகர்கோவில் வாசகி

பார்வைக்கேற்ற கண்ணாடி பதித்த மாஸ்க் கிடைக்கும். உங்கள் எண்ணை முன்பே எழுதிக் கேளுங்கள்; பல மையங்களில் வாடகைக்கே வைத்திருப்பார்கள். அடிக்கடி போவதாக இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்குங்கள், வேறு எதையும் வாங்க வேண்டாம். எனக்கு மைனஸ் நான்கு. முதல் முக்குளிப்பில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுச் சாதாரண மாஸ்க்கில் இறங்கினேன். பயிற்றுநர் கைகாட்டிய ஆமையைப் பத்து நிமிடம் மெய்மறந்து பார்த்தேன். படகில் ஏறியபின் அவர் சொன்னார், ஆமை வந்த உடனேயே போய்விட்டது, நான் பார்த்துக்கொண்டிருந்தது பாறை.